முகத்தை மூட வேண்டாம், சகோதரி!



இரண்டு வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். தனக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு மேலுதடு பிளந்திருப்பதாகவும், ஆபரேஷன் முடியும் வரை யாருக்கும் குழந்தையைக் காட்ட வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதாகவும், என்ன செய்வதென்று தெரியாமல் அழுதுகொண்டே இருப்பதாகவும் எழுதியிருந்தார். அதைப் படித்த அன்று எனக்கு அடுப்படியில் வேலை ஓடவில்லை. சாம்பாரை இரண்டு முறை தீய விட்டேன். ஏனென்றால் அந்தச் சகோதரி இன்று இருக்கும் இடத்தில்தான் 2010ல் நான் இருந்தேன். அவருக்குத்தான் இந்தக் கடிதம். ஆனால், இதே மாதிரி அடிக்கடி ஆஸ்பத்திரி வாசல் ஏறும் பிள்ளையை வைத்திருக்கும் எந்தத் தாய்க்கும் இது பயன்படலாம்.

எங்கள் ஊர் கோவில்பட்டி. என் கணவர் கடலை மிட்டாய் செய்யும் இடத்தில் பாகு காய்ச்சுகிறார். மூத்தவன் பையன். அவனுக்கு ஐந்து வயதாகும்போது, 2010 ஜூன் மாதம், சின்னவள் பிறந்தாள். பிரசவ அறையில் குழந்தை அழுத சத்தம் கேட்டதும் "என்ன குழந்தை?" என்று கேட்டேன். "பொம்பளப் பிள்ளை" என்று சொன்ன நர்ஸ், வழக்கமாகக் காட்டுவது போல என்னிடம் தூக்கிக் காட்டவில்லை. துடைத்து, துணியில் சுற்றி, கொஞ்ச நேரம் கழித்துத்தான் கொண்டுவந்தார். மேலுதடு இடது பக்கம் மூக்கு வரை பிளந்திருந்தது. வாய்க்குள்ளே மேல் அண்ணமும் சேரவில்லை. நான் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெற்ற பிள்ளையைப் பார்த்துத் தாய் முகத்தைத் திருப்பிய அந்த ஒரு நிமிஷத்தை இன்று வரை என்னால் மறக்க முடியவில்லை. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அந்தச் சகோதரிக்கும் அப்படி நேர்ந்திருந்தால், தான் மட்டும்தான் பாவி என்று அவர் நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை ஆரம்பமானது. அந்த வருஷம் ஜனவரி 15ம் தேதி சூரிய கிரகணம் வந்தது பலருக்கு நினைவிருக்கும். மாட்டுப் பொங்கல் நாள். கன்னியாகுமரி, தனுஷ்கோடிப் பக்கமெல்லாம் சூரியன் வளையல் போலத் தெரிந்தது என்று பேப்பரில் படம் போட்டிருந்தார்கள். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். காலை பதினோரு மணிக்கு என்னை உள் அறையில் போட்டு ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். மூன்று மணி வரை பச்சைத் தண்ணீர் கிடையாது. நடுவில் ஒரே ஒரு தடவை, அடக்க முடியாமல், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய் வந்தேன்.

"கிரகணத்தன்னிக்கு வெளிய போகாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டாளா? அப்பதான் பட்டிருக்கு" என்று என் மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு அவருடைய மாமியார் சொன்னதை அவர் எனக்குச் சொன்னார். ஆனால் எனக்கு உள்ளுக்குள் அது முள்ளாகத் தைத்துவிட்டது. அரை நிமிஷம் அடக்கிக்கொண்டு இருந்திருந்தால் பிள்ளை முழு உதட்டோடு பிறந்திருக்குமே என்று இரவெல்லாம் புழுங்குவேன்.

அதனால் நானே முந்திக்கொண்டேன். யாராவது வாசலில் வந்தால், ஒரு பூந்துவாலையை எடுத்துக் குழந்தையின் முகத்தில் போட்டுவிடுவேன். "தூங்குதா" என்பேன். தடுப்பூசி போடப் போகும்போதும் துவாலை. பஸ்ஸிலும் துவாலை. வெயில் என்பேன், தூசி என்பேன். என் தம்பி செல்போனில் எடுத்த போட்டோவைக் கூட அழிக்கச் சொன்னேன். ஆபரேஷன் முடிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, முதல் ஐந்து மாதங்களில் ஒரு படம் கூட எடுக்க விடவில்லை.

மதுரையில் ஒரு மருத்துவமனையில் காட்டினோம். அங்கே டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வி, "பால் எப்படிக் கொடுக்கிறீங்க?" என்பதுதான். அண்ணம் சேராத குழந்தையால் உறிஞ்ச முடியாது. மார்பில் போட்டால் சப்பும், பால் வராது, களைத்துப்போய் அழும். கொஞ்சம் போனாலும் மூக்கு வழியாக வந்துவிடும். எனக்குப் பால் இல்லை என்று ஊரில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பாலைப் பீய்ச்சி எடுத்து, குழந்தையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி மடியில் சாய்த்து, பாலாடையால் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னார்கள். இந்தப் பிள்ளைகள் பாலோடு காற்றையும் விழுங்கும் என்பதால் நடுநடுவே தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விட வைக்கச் சொன்னார்கள். நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடைதான். பரணில் கிடந்த பழைய பாலாடையைத் தேடி எடுத்து, விளக்கி, வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தவர் என் மாமியார். ஒரு வேளைப் பால் உள்ளே போக ஒரு மணி நேரம் ஆகும். முடித்துப் பாத்திரத்தைக் கழுவி வைத்தால், அடுத்த வேளை வந்துவிடும்.

உதடு ஆபரேஷனுக்குக் குழந்தை பத்து வாரம் தாண்டியிருக்க வேண்டும், எடை நாலரை கிலோவாவது இருக்க வேண்டும், ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்தாவது இருக்க வேண்டும் என்று பொதுவாகப் பார்ப்பார்கள். எங்கள் பிள்ளை மூன்று மாதத்தில் மூன்றரை கிலோதான். எடை ஏறுவதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது. பையைக் கட்டிக்கொண்டு போன அன்று சளி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சளி இருக்கும்போது மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. அது குழந்தையின் நன்மைக்குத்தான் என்று இப்போது தெரிகிறது. அன்று பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஒரு வழியாக 2010 நவம்பரில் உதடு சேர்ந்தது. ஆபரேஷன் முடிந்து கொண்டுவந்து கொடுத்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. சந்தோஷமா துக்கமா என்று சொல்லத் தெரியாமல் நின்றேன். பழகின முகம் எங்கே போச்சு என்று ஒரு ஏக்கம் கூட வந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. கை வாயில் போய்த் தையலைப் பிய்த்துவிடாமல் இருக்க, முழங்கை மடங்காதபடி இரண்டு கைக்கும் அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். பொம்மை மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

இரண்டாவது ஆபரேஷன் 2011 செப்டம்பரில், அண்ணத்துக்கு. அதற்குப் பிறகு சில வாரங்களுக்குக் கெட்டியாக எதுவும் கூடாது. கஞ்சி, குழைத்த சாதம் என்று எல்லாவற்றையும் கரைத்துத்தான் கொடுத்தோம். அப்பா சட்டையில் எந்நேரமும் பாகு மணக்கும் வீடு எங்களுடையது. அவர் வந்து தூக்கினால் சட்டைப் பையை முகர்ந்து முகர்ந்து பார்ப்பாள். ஒரு துண்டு மிட்டாய் கொடுக்க முடியாது. அந்த நாட்களில் அவர் சட்டையைக் கழற்றி வெளியே கொடியில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அண்ணம் சரியாக மூடாத குழந்தைக்குக் காற்று மூக்கு வழியாகப் போய்விடுவதால் 'ப' வராது, 'ம' மாதிரி கேட்கும். எங்கள் சின்னவள் அப்பாவையும் "அம்மா" என்றுதான் கூப்பிட்டாள். இவர் சிரித்துக்கொண்டே, "நானும் அம்மாதானா? சரி, இருந்துட்டுப் போறேன்" என்பார். ஆபரேஷன் முடிந்ததும் பேச்சு தானாக வந்துவிடும் என்று நினைத்தோம். வரவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு மாதம் இரண்டு முறை மதுரை. ஒரு சின்னக் கண்ணாடியை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு "பாப்பா", "பட்டு", "அப்பா" என்று சொல்லச் சொல்வார்கள். கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று மூக்கில் போகிறது என்று அர்த்தம். வீட்டிலும் தினம் செய்ய வேண்டும். நான் சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் இதேதான். மூன்று வயது தாண்டி ஒரு நாள் சாயங்காலம் இவர் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டு, வாசலுக்கு ஓடி, "அப்பா" என்றாள். மூக்கில் கொஞ்சம் ஒழுகிய 'அப்பா'தான். இவர் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடாமலே விட்டுவிட்டார். அது விழுந்து டிபன் கேரியர் உருண்டு போனது. யாரும் எடுக்கவில்லை.

இதுவரை சொன்னது உடம்புக்கு நேர்ந்தது. இனிமேல் சொல்லப் போவதுதான் நான் செய்த தப்பு.

தையல் போட்ட அண்ணத்தில் ஒரு சின்ன ஓட்டை விழுந்துவிட்டது. தண்ணீர் குடித்தால் மூக்கில் வரும். சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்கு முன் மூடிவிடலாம் என்று 2015 மே மாதம் நாள் குறித்தார்கள். ஐந்து வயது நெருங்குகிறது. எல்லாம் விவரமாகக் கேட்கிற வயசு. ஆபரேஷன் என்று சொன்னால் பஸ் ஏற மாட்டாள் என்று பயந்து, "மதுரைக்கு அழகர் ஆத்துல இறங்குறதப் பாக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டேன். சித்திரைத் திருவிழா சமயம். அவளும் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். பச்சைக் கலரில் புதுப் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, "அழகர் குதிரையிலதான வருவார்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரி கேட்டைப் பார்த்ததும் அவள் பேச்சு நின்றுவிட்டது. மறுநாள் காலை பசிக்கிறது என்றாள். ஆபரேஷனுக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும். அதையும் சொல்லாமல், "கேன்டீன்ல இன்னும் திறக்கல" என்றேன். பாவாடையைக் கழற்றி ஆஸ்பத்திரி கவுனைப் போட்டபோது கூட, "சும்மா பாத்துட்டு அனுப்பிடுவாங்க" என்றேன். தியேட்டர் வாசலில் நர்ஸ் கையில் கொடுத்தபோது அவள் அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் என்னோடு பேசவில்லை. பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் அல்ல. அப்பாவிடம் பேசினாள், ஆச்சியிடம் பேசினாள். என்னிடம் மட்டும் பேசவில்லை. ராத்திரியில் பாயை நனைக்க ஆரம்பித்தாள். நான் பால் பாக்கெட் வாங்கத் தெருமுனைக்குப் போனால் கூட முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். அந்தப் பட்டுப் பாவாடையைப் பெட்டியில் பார்த்தாலே அலறுவாள். அடுத்த வருஷம் நிஜமாகவே கழுகுமலைக் கோயிலுக்குக் கிளம்பினோம். "ஊசி இல்லன்னு சாமி மேல சத்தியம் பண்ணு" என்றாள். சத்தியம் செய்தேன். நம்பவில்லை. அப்பாவிடம் போய்க் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் செருப்புப் போட்டாள்.

மூத்தவன் கதை வேறு. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் அவனை என் அம்மா வீட்டில், சங்கரன்கோவிலில் விட்டுவிடுவோம். "பாப்பாவுக்கு ஊசி போட்டுட்டு வந்துடுறோம்" என்பதோடு சரி. ஏன், என்ன, எதற்கு என்று அவனிடம் யாரும் எதுவும் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை. சமர்த்துப் பிள்ளை, தொந்தரவே கிடையாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த 2015 ஆபரேஷன் முடிந்து வந்த வாரம், தங்கை பேசாமல் இருப்பதைப் பார்த்து அவனுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. ராத்திரி நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நான் வேணும்னு செய்யல" என்றான்.

"என்னடா செய்யல?"

"நீ படுத்திருந்தப்போ பந்து எறிஞ்சேன்ல, உன் வயித்துல பட்டுச்சுல்ல... அதுலதான பாப்பாவுக்கு வாய் கிழிஞ்சு போச்சு?"

எனக்கு அப்படி ஒரு பந்து ஞாபகமே இல்லை. எப்போதோ விளையாட்டில் பட்டிருக்கும், "ஏய், பாப்பாவுக்கு வலிக்கும்" என்று நான் சொல்லியிருப்பேன். ஐந்து வயதில் கேட்ட அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு, பத்து வயது வரை அந்தப் பிள்ளை ஒரு குற்றவாளி மாதிரி வாழ்ந்திருக்கிறான். ஒவ்வொரு தடவை நாங்கள் மதுரைக்குக் கிளம்பும்போதும் தன்னால்தான் என்று நினைத்திருக்கிறான். அதனால்தான் எதுவும் கேட்கவில்லை. அதைத்தான் நான் சமர்த்து என்று நினைத்தேன்.

அன்றைக்கு ராத்திரியே அவனை எழுப்பி உட்கார வைத்து, ஒரு பழைய நோட்டில் படம் போட்டுச் சொன்னேன். டாக்டர் எனக்கு எப்போதோ சொன்னதுதான். கருவில் குழந்தையின் முகம் இரண்டு பக்கத்திலிருந்தும் வளர்ந்து வந்து நடுவில் சேர்கிறது. உதடு சேருவது இரண்டாம் மாதத்திலேயே முடிந்துவிடும். அதை அடுத்து மூன்றாம் மாதத்துக்குள் அண்ணமும் சேர்ந்துவிடும். சில குழந்தைகளுக்கு அந்தச் சேர்க்கை நடக்காமல் போய்விடுகிறது. உலகத்தில் ஏறத்தாழ 700 குழந்தைக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது. பரம்பரையும் இருக்கலாம், தாயின் சத்துக் குறைவு, சில மருந்துகள், புகை என்று வேறு காரணங்களும் சேரலாம். பல பேருக்கு இன்னது என்று ஒரே காரணத்தைச் சொல்லவே முடியாது. ஆனால் பந்து பட்டு வராது.

சொல்லிக்கொண்டே வரும்போதுதான் எனக்கே உறைத்தது. ஜூன் மாதம் பிறந்தவளுக்கு உதடு உருவானது முந்தின வருஷம் தீபாவளி முடிந்த கையோடு. அண்ணம் கார்த்திகைக்குள். கிரகணம் வந்ததோ தை மாதத்தில். நான் கொல்லைப்பக்கம் போன அன்று, என் வயிற்றில் அவளுக்கு உதடு பிளந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது! இந்தக் கணக்கை விரல் விட்டு எண்ண எனக்கு ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது. மகனுக்குப் பந்து, எனக்குக் கிரகணம். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பழியைச் சுமந்துகொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் படுத்து எழுந்திருக்கிறோம்.

நடையில் படுத்திருந்த மாமியார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. காலையில் பேரனுக்கு அவரே கஞ்சி வைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து அந்தப் பேச்சு வரவில்லை. 2019 டிசம்பர் 26ம் தேதி மறுபடி சூரிய கிரகணம் வந்ததல்லவா? பக்கத்து வீட்டுப் பெண் நிறைமாதம். காலை எட்டு மணியிலிருந்து பட்டினி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அத்தை நாலு இட்லியை மூடி எடுத்துக்கொண்டு போய், "சூரியனை நேரா பாக்காதே, கண்ணு கெட்டுப் போகும். மத்தபடி தின்னுட்டுப் படு. வயித்துப் பிள்ளைக்குப் பசிக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தார். என்னிடம் மன்னிப்பு என்று அவர் எதுவும் கேட்டதில்லை. எனக்கு அந்த நாலு இட்லி போதும்.

அந்த வாரத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். ஆஸ்பத்திரி விஷயம் எதுவானாலும் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும்போது, எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிடுவது. என்றைக்கு, எதற்கு, வலிக்குமா, எத்தனை நாள், யார் கூட இருப்பது, யார் வீட்டைப் பார்ப்பது, எல்லாம். வலிக்கும் என்றால் வலிக்கும் என்றுதான் சொல்வோம். சின்னவளுக்கு என் மேல் நம்பிக்கை திரும்ப வர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. ரத்தம் எடுக்கும்போது "எறும்பு கடிச்ச மாதிரி" என்று சொல்வதை விட்டேன். "வலிக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றேன். அவள் எண்ணிப் பார்த்தாள். ஏழில் முடிந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக, "அம்மா சொன்னது சரிதான்" என்று அண்ணனிடம் போய்ச் சொன்னாள். பள்ளியில் "உனக்கு ஏன் உதட்டுல கோடு?" என்று பிள்ளைகள் கேட்டால், "பிறக்கும்போது சேரல, தச்சிருக்காங்க" என்று சொல்லப் பழகினாள். கேட்ட பிள்ளைக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லாமல் போய்விடும்.

நாலாவது ஆபரேஷன், மேல் ஈறில் எலும்பு வைப்பது. பல் முளைக்கிற இடத்தில் எலும்பு இடைவெளி இருந்தால் கோரைப் பல்லுக்குப் பிடிமானம் கிடைக்காது. அதனால் அந்தப் பல் வெளியே வருவதற்கு முன், பெரும்பாலும் எட்டிலிருந்து பதினொரு வயதுக்குள், இடுப்பு எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அங்கே வைப்பார்கள். 2020 ஏப்ரலில் நாள் கொடுத்திருந்தார்கள். மார்ச் 25ம் தேதி ஊரடங்கு வந்துவிட்டது. அவசரமில்லாத ஆபரேஷன்கள் தள்ளிப் போயின. இவருக்கும் வேலை இல்லை. பல் முளைத்துவிடுமோ என்று தினமும் அவள் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். 2021 பிப்ரவரியில்தான் அழைத்தார்கள். பத்தரை வயது அவளுக்கு.

இந்தத் தடவை அவளே டாக்டரிடம் கேட்டாள். "இடுப்புல எடுத்தா நொண்டுவேனா?" டாக்டர் அவளைப் பார்த்தே பதில் சொன்னார். "கொஞ்ச நாள் வலிக்கும், சாய்ஞ்சு நடப்பே. நடக்க நடக்கச் சரியாயிடும்." யோசித்துவிட்டு, "சரி, பண்ணிக்கிறேன்" என்றாள். முதல் நாள் ராத்திரி அண்ணன்தான் துணை இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டாள்.

டாக்டர் பழைய பைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் அங்கே படம் எடுத்து வைப்பார்கள். நடுவில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. இத்தனை வருஷம் கழித்து ஒரு துவாலை எங்கிருந்து கிடைக்கும்? "நீதான்" என்றேன். "மூணு மாசத்துல."

படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். பக்கத்தில் நின்ற அண்ணனும் எட்டிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, "இவ்வளவுதானா? இதுக்கா துண்டு போட்டு மூடுவேன்னு ஆச்சி சொன்னாங்க?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. ஆச்சரியமாகத்தான் கேட்டாள். "ஆமா, எனக்கு அப்போ புத்தி இல்ல" என்றேன். அந்தப் படத்தை அண்ணன் செல்போனில் எடுத்துத் தரச் சொன்னாள். எங்கள் வீட்டில் அவளுடைய முதல் ஐந்து மாதத்துக்கு இருக்கிற ஒரே படம் அதுதான். நான் எடுக்க விடாத படம்.

இப்போது அவளுக்குப் பதினைந்து வயது. மூக்கு ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. முக எலும்பு வளர்ச்சி முடிந்த பிறகு, பதினேழு பதினெட்டு வயதில் அதைச் சரி செய்யலாம். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அது செய்துவிட வேண்டும் என்றுதான் இருக்கிறது. நாளைக்கு நாலு பேர் பெண் பார்க்க வரும்போது, என்று மனசு கணக்குப் போடுகிறது. அவளிடம் சொன்னேன். "அது உனக்காகவா, எனக்காகவாம்மா?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. "பதினெட்டு வயசுல நானே டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். எனக்குச் சம்மதம் என்று சொல்லியிருக்கிறேன். மனசு முழுசாகச் சம்மதித்துவிட்டதா என்று கேட்டால், இன்னும் இல்லை.

கடிதம் எழுதிய சகோதரிக்குக் கடைசியாகச் சில வார்த்தைகள். பாலுக்குப் பாலாடை வாங்குங்கள். தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கொடுங்கள், நிமிர்த்தி வைத்துக் கொடுங்கள். எடையை அடிக்கடி பாருங்கள், எடைதான் முதல் ஆபரேஷனுக்கு டிக்கெட். காது கேட்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். அண்ணம் பிளந்த பிள்ளைகளுக்குக் காதுக்குள் நீர் கோத்துக்கொள்வது சகஜம். பணத்துக்குப் பயந்து தள்ளிப் போடாதீர்கள். பிறவிக் குறைகளைக் கண்டறிந்து சிகிச்சைக்கு அனுப்பும் அரசுத் திட்டம் 2013லிருந்து இருக்கிறது, உதடு அண்ணப் பிளவும் அதில் உண்டு. அரசு ஆஸ்பத்திரியிலோ அங்கன்வாடியிலோ விசாரியுங்கள். ஸ்மைல் ட்ரெயின் போன்ற தொண்டு நிறுவனங்களின் உதவியோடு இலவசமாக ஆபரேஷன் செய்யும் மருத்துவமனைகளும் உண்டு. ஒரே ஆபரேஷனோடு முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பி ஏமாறாதீர்கள். பிள்ளை வளர வளரச் செய்ய வேண்டியது இது. மூத்த பிள்ளை இருந்தால், அதையும் மடியில் உட்கார வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லுங்கள். அது கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இன்றைக்கே ஒரு போட்டோ எடுங்கள். துவாலையை எடுத்துவிட்டு எடுங்கள்.

இந்தக் கடிதத்தை என் மகளிடமும் மகனிடமும் படிக்கக் கொடுத்து, அவர்கள் சரி என்ற பிறகே தபாலில் சேர்க்கிறேன். மகன் ஒன்றும் சொல்லவில்லை, படித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். மகள் ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். பட்டுப் பாவாடை பச்சை இல்லையாம், மாம்பழக் கலராம். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவில்பட்டி.